மல்லாபூர் சமுதாயக் கூடத்தை யாருக்குக் கொடுத்தேன்?

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களுக்கான பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்தபோது, உங்களில் தமிழ் தெரிந்த மூன்று பேர் படிக்கட்டில் என்னை நிறுத்தினீர்கள். "மேடம், நீங்க சரியா செஞ்சதெல்லாம் சொன்னீங்க. சரியா வராதது ஒண்ணாவது இருக்குமே?" என்று கொண்டாப்பூரிலிருந்து வரும் பெண் கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டு ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. சரியாக வந்ததா, வராமல் போனதா என்றே எனக்கு இன்னும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். தெலுங்கில் எழுதினால் அலுவலகம் முழுக்கப் படித்துவிடும். ஆகவே தமிழில்.

என் கொள்ளுத்தாத்தா ரயில்வே வேலைக்காக செகந்திராபாத் வந்தவர். எங்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைகளில் உருது கலந்த ஹிந்தி. மூன்றிலும் சண்டை போடவும் வரும், சமாதானம் பேசவும் வரும். மாநகராட்சியின் சமுதாய மேம்பாட்டுப் பிரிவில் அது எனக்குப் பெரிய பலம் என்று நினைத்திருந்தேன். சாலை, சாக்கடை, விளக்கு எல்லாம் பொறியாளர்கள் பார்ப்பார்கள். மகளிர் குழு, தையல் வகுப்பு, குழந்தைகள் காப்பகம், சமுதாயக் கூடம் ஆகியவை நம் பொறுப்பு. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாச்சாரத்தில் பன்னிரண்டு தையல் மெஷின் வாங்கிப் போட்டு வகுப்பு தொடங்கினேன். ஒருத்தியும் வரவில்லை. 'பெண்களுக்கு ஆர்வமில்லை' என்று எழுதி மேலே அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அந்தத் தெருவில் நடந்து போனபோதுதான் கண்ணில் பட்டது. நான் வகுப்பு வைத்த நேரமும் குழாயில் தண்ணீர் விடுகிற நேரமும் ஒன்று. மாலைக்கு மாற்றினேன். அதன் பிறகு மெஷின் போதவில்லை. அன்றிலிருந்து, ஜனங்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய மாட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை வளர்ந்திருந்தது. அந்தப் பெருமையோடுதான் பல வருடம் கழித்து மல்லாபூருக்குப் போனேன்.

மல்லாபூரில் தொழிற்சாலைச் சுவர்களுக்குப் பின்னால் ஒரு பஸ்தி. லேத் பட்டறைக்கும் மருந்துக் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் இடம். அதன் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற பெரிய கால்வாய். எல்லாரும் அதை நாலா என்பார்கள். அங்கே ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து என்றால் நடத்த இடம் கிடையாது. தெருவை அடைத்து ஷாமியானா போடுவார்கள். மழை வந்தால் சாப்பாட்டு இலையோடு ஓடுவார்கள். நான்கு வருடம் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக அலைந்து, வார்டு நிதியில் ஒரு சமுதாயக் கூடம் கட்ட வைத்தேன். ஒரு பெரிய ஹால், பின்னால் சமையலறை, முன்னால் வராந்தா, இரண்டு குளியலறை. மேட்டில்தான் கட்ட வேண்டும் என்று பொறியாளரிடம் பிடிவாதம் பிடித்ததும் நான்தான்.

கூடத்துக்கு விதிகள் எழுதச் சொன்னார்கள். குடும்ப விசேஷங்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்கலாம் என்று ஒரு வரி எழுதினேன். வெள்ளம், தீ போன்ற ஆபத்தில் மக்களைத் தங்க வைக்கலாம் என்று இன்னொரு வரி எழுதினேன். இரண்டும் ஒரே நாளில் வந்தால் எது முதலில் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஐப்பசி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. விடியற்காலையில் பிடித்த மழை பதினொரு மணிக்கும் விடவில்லை. நான் வார்டு அலுவலகத்தில் இருந்தேன். எங்கள் திட்ட அதிகாரி ஃபோனில் கூப்பிட்டார். குரலை உயர்த்தாத மனிதர். நகரம் மிதந்துகொண்டிருந்த அன்றும் உயர்த்தவில்லை. "மல்லாபூர்ல நாலா பொங்கிடுச்சாம். ஹாலைத் திறந்து ஜனங்களை ஏத்துங்கம்மா" என்றார்.

நான் போய் இறங்கியபோது கூடத்தின் வாசலில் இரண்டு வாழை மரம் கட்டியிருந்தது. உள்ளே ஜரிகைத் துணியில் மணமேடை பாதி எழும்பியிருந்தது. சமையலறையில் வாடகைப் பாத்திரங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. காவலாளி சலீம் பாய் என்னைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார்.

"கல் ஷாதி ஹை மேடம். நாளைக்குக் கல்யாணம். ஒன்பதுலேர்ந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம்" என்றார்.

பெண்ணின் அப்பா தாமோதரன். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து மல்லாபூரிலேயே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். நான் தமிழில் பேசியதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நம்ம ஜனமா மேடம் நீங்க? அப்பாடா. காலைல இருந்து ஆளாளுக்கு வந்து இன்னாமோ சொல்லிகினு போறாங்க. ஒண்ணும் புரியல. மூணு மாசம் முன்னாடியே ஹால எழுதிட்டேன் மேடம். ரசீது கீது. பத்திரிகைல இந்த அட்ரஸ்தான் போட்டிருக்கு. மாப்ள வூட்டுக்காரங்க பாலாநகர்ல இருந்து, சித்தூர்ல இருந்துலாம் வராங்க."

"தெரியுது சார். ஆனா நாலா பொங்கிடுச்சு. பஸ்தில வீட்டுக்குள்ள தண்ணி."

"பாவந்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா என் பொண்ணு கல்யாணம், மேடம்."

பெண் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை ஈர மருதாணி. எதையும் தொட முடியாமல், கூந்தல் முகத்தில் விழுந்தால் ஒதுக்கவும் முடியாமல், கைகளை விரித்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டாள். "ஆன்ட்டி, நாளைக்கு நடக்குமா, நடக்காதா? அதை மட்டும் சொல்லுங்க." தாமோதரன் அவளைத் தமிழில் அதட்டினார். "நீ சும்மா இரு, மேடம் பாத்துப்பாங்க" என்றார். மகள் தெலுங்கில் கேட்டதற்கு அப்பா தமிழில் பதில் சொல்கிறார். அந்த இடத்திலாவது எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அதற்குள் பஸ்தி ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். முப்பது குடும்பத்துக்குக் குறையாது. முன்னால் யாதம்மா. மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டை அடுக்குகிற வேலை. நான் தொடங்கிய மகளிர் குழுவின் தலைவி. இடுப்புவரை நனைந்து, தலையில் ஒரு அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய மருமகள். நெஞ்சோடு துணியில் சுற்றிய குழந்தை, பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தை.

யாதம்மா வாழை மரத்தைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். "வராந்தால இருந்துக்கறோம் மேடம். உள்ள வேண்டாம்" என்று தெலுங்கில் சொன்னாள்.

"வராந்தால சாரல் அடிக்குது. பச்சைக் குழந்தைய வெச்சுக்கிட்டு என்ன பேச்சு? உள்ள வா."

அவள் மூட்டையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். மேடைக்கு முன்னால் விரித்திருந்த புது ஜமுக்காளத்தை மிதிக்காமல் சுவர் ஓரமாகவே நடந்து போய் உட்கார்ந்தார்கள். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இனிமேல் நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். அன்று எனக்கு எதுவும் வரிசையாக வரவில்லை.

ஒரு மணிக்கு அதிகாரியின் இரண்டாவது ஃபோன். "பக்கத்து ஸ்கூலைத் திறந்தாச்சாம். ஜனங்களை அங்க மாத்திடுங்க. ஹால் கல்யாணத்துக்கு இருக்கட்டும்." எனக்கு நிம்மதியாக இருந்தது. சலீம் பாயைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே முழங்கால் தண்ணீர். பூட்டுகூடத் திறக்கவில்லை. யார் திறந்ததாக யாருக்குச் சொன்னார்கள் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று மணிக்கு மூன்றாவது ஃபோன். "வார்டுப் பெரியவங்க யாரோ பேசினாங்க. கல்யாணத்துக்குத் தொந்தரவு வரக்கூடாதுங்கறாங்க. ஜனங்களையும் வெளியே அனுப்பக்கூடாது."

"ரெண்டும் எப்படி சார்?"

"ஸ்பாட்ல இருக்கறது நீங்க. பார்த்து அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா." ஃபோன் வைக்கப்பட்டது.

அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அன்று என்னைப் போல் முப்பது பேர் ஃபோன் செய்திருப்பார்கள். ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 'பார்த்து அட்ஜஸ்ட் பண்ணுங்க' என்று மேலிருந்து வந்தால், முடிவு இனி உங்களுடையது என்று அர்த்தம். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. முடிவைத் தள்ளிப்போட எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்து மணி வாக்கில் மழை லேசாகக் குறைந்தது. இருட்டுவதற்குள் நான் செகந்திராபாத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் வழியெல்லாம் தண்ணீர். சமையலறை வாசலில் தாமோதரன் என்னைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

"மேடம், இன்னா முடிவு?"

நான் தமிழில் சொன்னேன். "கவலப்படாதீங்க சார். காலைல எட்டு மணிக்குள்ள ஹால காலி பண்ணிக் கொடுத்துடறேன். கழுவி விட்டுடலாம். ஒன்பது மணிக்கு நீங்க மேடைல உக்காரலாம்."

"சத்தியமா?"

"நான் இருக்கேன்ல?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். சமையலறைக்குள் யாதம்மா குழாயடியில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான்கு அடி தூரம் இருக்கும். தமிழ்தானே பேசுகிறோம் என்று நான் குரலைக்கூடக் குறைக்கவில்லை.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. யாதம்மா குடத்தோடு வெளியே வந்தாள். "நாளைக்கு எங்கள என்ன பண்ணப் போறீங்க மேடம்?" என்று கேட்டாள். சும்மா, நேராகப் பார்த்துக் கேட்டாள். தாமோதரன் இரண்டு அடி தள்ளி, வாடகைப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் தெலுங்கில் சொன்னேன். "உன்ன யாரும் இங்கேர்ந்து அனுப்ப மாட்டாங்க யாதம்மா. தண்ணி முழுசா வடியற வரைக்கும் இங்கயே இருக்கலாம். பச்சைக் குழந்த இருக்கு. நான் பொறுப்பு."

அவள் தலையை ஆட்டினாள். தாமோதரன் பாத்திரத்தை எண்ணிக்கொண்டே இருந்தார்.

இரண்டையும் சொல்லும்போது நான் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். தாமோதரனிடம் பேசியபோது எட்டு மணிக்குக் காலி செய்துவிட முடியும் என்று நிஜமாகவே நினைத்தேன். யாதம்மாவிடம் பேசியபோது அந்தக் குழந்தையை ஒரு அடி நகர்த்தக்கூடாது என்று நிஜமாகவே நினைத்தேன். மழை நின்றுவிடும், தண்ணீர் வடிந்துவிடும், விடிவதற்குள் இரண்டு வாக்கும் ஒன்றோடு ஒன்று முட்டாமல் தானாக விலகிக்கொள்ளும் என்று எங்கேயோ ஒரு நம்பிக்கை. வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவியபோதும், படுத்தபோதும் அந்த நம்பிக்கையோடுதான் இருந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போய்விட்டேன். தூறல் இருந்தது. வாசலில் வாழை மரம் இல்லை. கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே யாருமே இல்லை. தரையைக் கழுவித் துடைத்திருந்தார்கள். ஈரம்கூட இன்னும் காயவில்லை. மேடையும் இல்லை, மூட்டையும் இல்லை. சமையலறையில் ஒரு பாத்திரம் இல்லை. ஆணி அடித்த இடத்தில் ஒரு துண்டு ஜரிகை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"சலீம் பாய், எங்க எல்லாரும்?"

"கல்யாணக்காரங்க அஞ்சு மணிக்கே சாமானெல்லாம் டெம்போல ஏத்திக் கோயில் மண்டபத்துக்குப் போயிட்டாங்க மேடம். பஸ்தி ஆளுங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."

"வீட்டுக்கா? தண்ணி வடிஞ்சிடுச்சா?"

"நை மேடம், எங்க வடிஞ்சுது? கணுக்கால் அளவு இருக்கு."

"யார் முதல்ல போனாங்க?"

அவர் யோசித்தார். முதலில் கல்யாணக்காரர்கள் என்றார். இல்லை, பஸ்தி ஆட்கள் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தபோது தான் தொழுகைக்குப் போயிருந்ததாகச் சொன்னார். திரும்பி வந்தபோது முன்வாசலில் டெம்போ நின்றதாம். கரண்ட் இல்லாத இருட்டில் உள்ளே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்றே தெரியவில்லையாம். தரையை யார் கழுவியது என்று கேட்டேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. "நான் கேட்டேன் மேடம், ஏன் போறீங்கன்னு. ரெண்டு பேருமே பதில் சொல்லல" என்றார்.

அதே நேரத்தில் அதிகாரியின் ஃபோன். "ஹால் என்ன நிலைமை?"

"காலியா இருக்கு சார்."

"சபாஷ்! பிரச்சினை இல்லாம முடிச்சிட்டீங்களே." அவர் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

உடனே பஸ்திக்கு ஓட வேண்டும், கோயிலுக்கும் ஓட வேண்டும். எங்கே முதலில் என்று நிற்கும்போதே ஒரு ஆட்டோ வந்து நின்றது. பட்டுப்புடவையில் ஒரு அம்மாள், கையில் கல்யாணப் பத்திரிகை, இந்தக் கூடத்தின் முகவரி. கோயிலுக்கு வழி சொன்னேன். ஆட்டோ திரும்புவதற்குள் அடுத்த கார். அதற்குப் பிறகு நான் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. பத்தரை மணி வரை குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் கோயிலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பாலாநகரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். "ஹால் காலியாத்தானேம்மா இருக்கு? கழுவிக்கூட வெச்சிருக்கீங்க. அப்புறம் எதுக்குக் கோயிலுக்குப் போகச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

என்னிடம் மூன்று மொழி இருந்தது. "மழை சார்" என்றேன்.

பத்தரைக்குப் பிறகு பஸ்திக்குப் போனேன். யாதம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முறத்தால் சேற்றை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் நான்கு செங்கல்லுக்கு மேல் கட்டில். கட்டிலில் மருமகளும் குழந்தையும்.

"நான்தான் இருக்கச் சொன்னேனே யாதம்மா? ஏன் வந்தீங்க?"

அவள் முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள். "நீங்க அவர்கிட்ட அரவத்துல சொன்னது எனக்குப் புரிஞ்சுது மேடம். பக்கத்து வீட்ல பதினஞ்சு வருஷமா அரவக்காரங்கதான்." இங்கே தமிழை அரவம் என்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். "எட்டு மணிக்கு நீங்க வந்து எங்க முன்னால நின்னு, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிக்கறத நான் பாக்க வேண்டாம்னு தோணிச்சு. அதான்."

"இப்ப ஹால் காலியாத்தான் இருக்கு. வந்துடுங்க. குழந்தைக்காகவாவது வா."

"இப்ப எதுக்கு? பாதி கழுவியாச்சு" என்றாள். அடுத்த முறம் சேற்றை வாரினாள். என் செருப்புக்குப் பக்கத்தில்தான் அது விழுந்தது. வேண்டுமென்று கொட்டினாளா, அவசரத்தில் விழுந்ததா, தெரியவில்லை.

அங்கிருந்து கோயிலுக்குப் போனேன். தாலி கட்டி முடிந்திருந்தது. சின்ன மண்டபம். பாதிப்பேர் தூணோரமாக நின்றுகொண்டே இலையைக் கையில் ஏந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பாரில் மழை விழுந்துகொண்டிருந்தது. மருதாணிக் கையோடு அந்தப் பெண் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

தாமோதரன் ஓடி வந்தார். "வாங்க மேடம், வாங்க. சாப்ட்டுதான் போணும்."

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? நான் எட்டு மணிக்குக் காலி பண்ணித் தரேன்னு சொன்னேனே?"

அவர் மெதுவாகச் சொன்னார். "அந்த அம்மாகிட்ட நீங்க சொன்னதும் என் காதுல வியிந்துச்சி மேடம். எனக்குத் தெலுங்கு தெரியாதுன்னு நெனச்சீங்களா? இருபத்தாறு வருசமா இந்த ஊர்ல லேத் ஓட்டறேன்." பிறகு, "அது கைக்குழந்த மேடம். அத வெளிய அனுப்பிட்டு அங்க மேளம் அடிக்கச் சொல்றீங்களா?" என்றார்.

"அவங்க உங்களுக்காகக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க சார். தெரியுமா?"

அவர் கையில் இலைக்கட்டு இருந்தது. அப்படியே நின்றுவிட்டார். "இருட்டுல தூங்கினு இருக்காங்கன்னு இல்ல நெனச்சேன். எங்க போனாங்க? தண்ணிக்கா?" என்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையை இதுவரை யாரிடமும் விவரித்ததில்லை. இப்போதும் எனக்கு வரவில்லை. அரை மணி நேரம் கழித்து இரண்டு பெரிய அண்டாவில் சாப்பாடு கோயிலிலிருந்து பஸ்திக்குப் போனது. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் குறைந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று மாலையே அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. மூன்று நாளும் காலையில் அலுவலகம் போவதற்கு முன்னால் அங்கே போய் நின்றேன். பிழைத்துக்கொண்டது. பிழைக்காமல் போயிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த மாத அறிக்கையில் என் அதிகாரி என்னைப் பாராட்டி இரண்டு வரி எழுதினார். இரு தரப்புக்கும் பாதிப்பில்லாமல் சுமுகமாகக் கையாண்டதாக. நான் மறுத்துப் பேசவில்லை. என்ன சொல்லி மறுப்பது? கூடம் காலியாகத்தான் இருந்தது. கல்யாணம் நடந்தது. ஜனங்கள் வீட்டில் இருந்தார்கள். தாளில் பார்த்தால் எல்லாம் சரி.

இதிலிருந்து உங்களுக்கு எதை எடுத்துக் கொடுப்பது என்று பல நாள் யோசித்தேன். ஒன்றுதான் தேறியது. அந்த இரண்டு பேரையும் நான் ஒரு தடவைகூட எதிரெதிரே உட்கார வைக்கவில்லை. காலை முதல் மாலை வரை அவரிடம் ஒரு மொழியில் போய், இவளிடம் இன்னொரு மொழியில் வந்து, நடுவில் நானே ஒரு சுவராக நின்றேன். அவர்களுக்கு என் மொழிபெயர்ப்பு தேவையே இருக்கவில்லை. ஒரு பாயை விரித்து இருவரையும் உட்கார வைத்து, "எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல, நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம். ஜனங்களைக் கேட்டுத்தான் செய்வேன் என்று பெருமைப்பட்டவள், அன்று கேட்கவே இல்லை. கூடத்தின் விதிகளில் பிறகு மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தேன். இரு தரப்பையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று. உங்கள் கையேட்டில் அது இப்போதும் இருக்கிறது. இவ்வளவு சாதாரண விஷயத்தை எதற்கு விதியாக எழுதியிருக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம்.

ஆனால் அப்படி உட்கார வைத்திருந்தால் நன்றாக முடிந்திருக்குமா? அதுவும் தெரியாது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் ரசீதும் வெள்ளமும் சண்டை போட்டிருக்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்காததால்தான் அவ்வளவு பெருந்தன்மை வந்ததோ என்றும் சில நாள் தோன்றுகிறது. அடுத்த நாள், அது பெருந்தன்மையே இல்லை, இந்த அம்மாவை நம்பி இருக்க முடியாது என்று இருவரும் தனித்தனியாக எடுத்த முடிவு என்று தோன்றுகிறது. இரண்டு எண்ணமும் மாறி மாறி வருகின்றன. எனக்கு வயதாகிவிட்டது. ஒன்றாவது நின்றால் தேவலை.

பணி ஓய்வு பெற்ற அன்று யாதம்மா அலுவலகத்துக்கு வந்திருந்தாள். மகளிர் குழுப் பெண்கள் நான்கைந்து பேர், ஒரு சால்வை, ஒரு டப்பா இனிப்பு. கூட வந்த பேரன் பள்ளிச் சீருடையில் நின்றான். அந்தக் குழந்தைதான். எல்லாரும் டீ குடிக்கப் போனபோது அவளை ஓரமாக அழைத்துக் கேட்டேன்.

"இப்பவாவது உண்மையச் சொல்லு. அன்னிக்கு நீ அவங்களுக்காகப் போனியா, எனக்காகப் போனியா, இல்ல என்மேல கோவத்துல போனியா?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் தோளில் சால்வை சரிந்திருந்தது. அதை இழுத்துச் சரி செய்தாள்.

"இன்னும் அதயேவா நெனச்சிட்டிருக்கீங்க மேடம்? மழ விட்டுச்சு, போனோம். அவ்வளவுதான்."

அன்று காலை பத்தரை வரை நான் குடையோடுதான் நின்றேன். மழை விடவே இல்லை. அவள் மறந்துவிட்டாளா, எனக்காகச் சொன்னாளா என்று கேட்க வாயெடுத்தேன். பேரன் பசிக்கிறது என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். போய்விட்டார்கள்.